வடசென்னை தட்டை இல்லை: உண்மையான உயரத் தரவிலிருந்து ஒரு கேம் மேப்

வணக்கம் மக்களே. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். திரையில் இருக்கும் இந்தச் சாம்பல் நிறச் சதுரம்தான் வடசென்னை. பேசின் பிரிட்ஜில் ஆரம்பித்து திருவொற்றியூர் வரை, மேற்கே கொடுங்கையூர், கிழக்கே கொஞ்சம் கடல். பக்கத்துக்கு 8 கிலோமீட்டர். இதற்கு ஹைட்மேப் என்று பெயர்: வெளுப்பு என்றால் மேடு, கருப்பு என்றால் பள்ளம். எது மேடு, எது பள்ளம் என்று கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, இல்லையா? இதை வைத்துக்கொண்டு உள்ளே இறங்கி நடக்கக்கூடிய ஒரு கேம் மேப் செய்வது எப்படி என்பதுதான் இன்றைய வீடியோ.

கேம் டெரெய்ன், அதாவது கேமுக்கான நிலப்பரப்பு, என்று யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் மலைதான். ஆல்ப்ஸ், இமயமலை. தரவை இறக்கு, கேம் எஞ்சினில் போடு, முடிந்தது. மலைக்கு அது சரிதான். 2000 மீட்டர் ஏறி இறங்கும் இடத்தில் தரவு 5 மீட்டர் பிசகினால் யாருக்கும் தெரியாது. நம்ம பக்கம் நிலமே கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே இருக்கிறது. 5 மீட்டர் பிசகினால் தண்டையார்பேட்டையில் பாதி கடலுக்குள் போய்விடும். அதனால் பலர், "சென்னை தட்டையான ஊர், ஒரு தட்டைப் பரப்பைப் போட்டு மேலே கட்டடத்தை வை, போதும்" என்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அரை அடி மேடு பள்ளம் என்ன செய்யும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். மழை கொட்டும் ராத்திரியில் எந்தத் தெருவுக்குள் தண்ணீர் வரும், எந்தத் தெரு தப்பிக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த அரை அடிதான். அது மேப்பில் இல்லையென்றால், கட்டடத்தை எவ்வளவு தத்ரூபமாகச் செய்தாலும் அது வடசென்னை ஆகாது.

முதலில் தரவு. எல்லோரும் போய் நிற்பது எஸ்ஆர்டிஎம், விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் ஒரு ரேடார் ஆண்டெனாவை வைத்துக்கொண்டு 11 நாள் பூமியைச் சுற்றி அளந்தது. நமக்கு வேண்டிய துண்டின் பெயர் என்13இ080. உள்ளே 3601க்கு 3601 புள்ளிகள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 30 மீட்டர். சிக்கல் என்னவென்றால் இதில் உயரம் முழு மீட்டரில்தான் பதிவாகியிருக்கிறது. 3 மீட்டர், அடுத்தது 4 மீட்டர். மூன்றேகால், மூன்றரை கிடையாது. நம்ம ஊரின் மொத்தக் கதையும் அந்தக் காலிலும் அரையிலும்தான் நடக்கிறது. போதாக்குறைக்கு ரேடார் இரைச்சல் வேறு. தட்டைத் தரை முழுக்கச் சொரசொரவென்று வரும்.

நான் எடுத்திருப்பது கோப்பர்நிகஸ் ஜிஎல்ஓ-30 என்ற ஐரோப்பிய உயரத் தரவு. டெர்ராசார்-எக்ஸ், டான்டெம்-எக்ஸ் என்ற இரண்டு ஜெர்மன் செயற்கைக்கோள்கள் ஜோடியாகப் பறந்து 2011 முதல் 2015 வரை அளந்தது. இதுவும் 30 மீட்டர்தான். ஆனால் உயரம் தசமத்தில் வருகிறது, இரைச்சலும் குறைவு. ஓப்பன்டோபோகிராஃபி தளத்தில் கணக்குத் தொடங்கி மேப்பில் ஒரு கட்டம் வரைந்தால் ஜியோடிஃப், அதாவது எந்த இடம் என்ற குறிப்போடு வரும் படக் கோப்பாக இறங்கிவிடும்.

நம்ம இஸ்ரோவுடையதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். 2005இல் ஏவிய கார்ட்டோசாட்-1 எடுத்த ஜோடிப் படங்களிலிருந்து செய்த கார்ட்டோடெம், புவன் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. தாராளமாக எடுங்கள். ஆனால் திறந்ததும் பயந்துவிடாதீர்கள்: சென்னை முழுக்க மைனஸ் எண்பது சொச்சம் மீட்டர் என்று காட்டும். தரவு கெட்டுப்போகவில்லை. அதில் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படவில்லை. பூமிக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கும் ஒரு வழவழப்பான கோள வடிவத்திலிருந்து அளக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவாக இருக்கும் ஒரு பெரிய பரப்பு உண்டு. அங்கே கடல் மட்டமே அந்தக் கோளத்துக்கு 106 மீட்டர் வரை கீழே போகிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான், அதன் சரிவில்தான் நம்ம ஊரும் இருக்கிறது. காசிமேட்டில் நின்று பார்க்கிற கடல் அப்படி ஒரு சரிவில் கிடக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கடலைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. சரி, வேலைக்கு வருவோம். கடல் மட்டத்துக்கும் அந்தக் கோளத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை, அதாவது ஜியாய்டு வித்தியாசத்தை, கழித்துவிட்டால் கார்ட்டோடெம் உயரங்கள் கடல் மட்டக் கணக்குக்கு வந்துவிடும்.

இப்போது கோப்பர்நிகஸை அப்படியே எஞ்சினில் போடுகிறேன். பாருங்கள். வண்ணாரப்பேட்டை ஒரு மேட்டு நிலமாக எழுந்து நிற்கிறது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை ரயில்வே யார்டு நீளமான பள்ளத்தாக்காக ஓடுகிறது. நேரில் போனால் அப்படி ஒரு மேடும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. ரேடாருக்கு எது முதலில் தட்டுப்படுகிறதோ அதன் உயரம்தான் பதிவாகும். சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகளுக்கு நடுவே அதற்குத் தரையே கிடைக்காது. கட்டில், பீரோ, மேசை எல்லாவற்றின் மேலும் ஒரே போர்வையை விரித்துவிட்டு, போர்வையின் உயரத்தை அளந்த மாதிரி. யார்டு திறந்தவெளி, அங்கே மட்டும் நிஜமான தரை பதிவாகிறது. சுற்றியிருக்கும் மொட்டை மாடிகளுக்குப் பக்கத்தில் அது பள்ளமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

கட்டடத்தையும் மரத்தையும் கழித்துவிட்டு ஃபேப்டெம் என்று ஒரு தரவு இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இதே கோப்பர்நிகஸை வைத்துச் செய்தது. பழகிப் பார்க்க அருமையானது. ஆனால் அதன் இலவச உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை. கேமை விற்கிற எண்ணம் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

நான் யார்டைப் பிடித்துக்கொள்கிறேன். அங்கே பதிவான உயரம் உண்மை. அதே மாதிரி உண்மை பேசுகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன: பள்ளி மைதானம், அகலமான சாலைச் சந்திப்பு, கடற்கரை மணல், மணலி பக்கம் காலி நிலம். கியூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளில் அவற்றின் மேலெல்லாம் புள்ளி வைத்து, அந்த உயரங்களை மட்டும் எடுத்து, நடுவில் இருப்பதை இன்டர்போலேட் செய்யச் சொன்னால், அதாவது கணக்குப் போட்டு நிரப்பச் சொன்னால், வீடுகளுக்கு அடியில் இருக்கும் தரை கிடைத்துவிடும். தோராயமான தரைதான். ஆனால் மொட்டை மாடியை விட எவ்வளவோ மேல்.

அப்புறம் அளவுக் கணக்கு. தரவு டிகிரியில் வரும், அதை மீட்டருக்கு மாற்ற வேண்டும். உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் நமக்கு 44 வடக்கு மண்டலம். நான் பயன்படுத்தும் எஞ்சின் அன்ரியல், அதில் லேண்ட்ஸ்கேப்புக்கு, அதாவது தரைக்கு, 4033க்கு 4033 புள்ளிகள் எடுக்கிறேன், புள்ளிக்குப் புள்ளி 2 மீட்டர், மொத்தம் 8064 மீட்டர். உயர வரம்பு மைனஸ் 12 முதல் 52 மீட்டர் வரை. 52 மீட்டர் தரை இங்கே எங்கேயும் தேவையில்லை. ஆனால் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்கு இடம் வேண்டும், 64 மீட்டர் என்று வைத்தால் கணக்கும் சுத்தமாக வரும். உயரத்துக்கான இசட் ஸ்கேல் 100 என்றால் அன்ரியலில் 512 மீட்டர் வரம்பு, ஆகவே நமக்கு 12.5. வரம்பின் நடுப்புள்ளி 20 மீட்டர் என்பதால் லேண்ட்ஸ்கேப்பை இசட் 2000இல், அதாவது 2000 சென்டிமீட்டரில், வைத்தால் கடல் மட்டம் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஹைட்மேப்பை 16 பிட் பிஎன்ஜி படமாகச் சேமியுங்கள். 8 பிட்டில் சேமித்தால் 64 மீட்டரை 256 படியாகப் பிரிக்கும், ஒரு படி 25 சென்டிமீட்டர். நம்ம ஊரில் ஒரு தெரு முழுக்கச் சரிவே அவ்வளவுதான் இருக்கும். 16 பிட்டில் ஒரு படி ஒரு மில்லிமீட்டர். யூனிட்டி எஞ்சின் ஆட்களுக்கும் இதேதான், அங்கே 4097 என்று வைத்து ரா (raw) கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

இந்த 4033ஐப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 8 கிலோமீட்டருக்கு நம்மிடம் இருக்கும் நிஜ அளவுகள் ஒரு வரிசைக்கு 270 கூட இல்லை. ஒவ்வொரு நிஜப் புள்ளிக்கும் நடுவில் எஞ்சின் பதினான்கு, பதினைந்து புள்ளிகளைத் தானாக நிரப்பியிருக்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் நம்ம தெருக்கள் எல்லாம் இருக்கின்றன. அதை நிரப்ப வேண்டியது நாம்.

முதலில் தண்ணீர். பக்கிங்ஹாம் கால்வாயைப் பாருங்கள், ஹைட்மேப்பில் காணவே காணோம். 30 மீட்டர் கட்டத்துக்குள் கால்வாய், கரை, கரையோரக் குடிசை எல்லாம் ஒரே எண்ணாகக் கரைந்துவிட்டன. கேப்டன் காட்டன் கால்வாயும் ஓட்டேரி நல்லா என்ற ஓடையும் இன்னும் குறுகல், கேட்கவே வேண்டாம். அதனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கால்வாய்க் கோடுகளை எடுத்து, எஞ்சினில் ஸ்ப்லைனாக, அதாவது வளைகோடாக, ஓட்டி, தரையைக் கையாலேயே வெட்டுகிறேன். வெட்டும்போது கடலை நோக்கி மெல்லிய சரிவு இருக்க வேண்டும். ரொம்பவும் மெல்லியது, கடல் மட்டம் ஏறும் நேரத்தில் தண்ணீர் உள்ளே எதிர்த்து வருகிற அளவுக்கு மெல்லியது. வியாசர்பாடி கணேசபுரம் மாதிரி சுரங்கப்பாதைகளை ஹைட்மேப்பால் செய்யவே முடியாது, ஏனென்றால் ஒரு புள்ளிக்கு ஒரு உயரம்தான். மேலே தண்டவாளம், கீழே சாலை என்றால் அந்த இடத்தில் லேண்ட்ஸ்கேப்பில் ஓட்டை போட்டு, தனி மெஷ்ஷாக, அதாவது தனி முப்பரிமாண வடிவமாக, வைக்க வேண்டும்.

அடுத்தது கரை. தரவில் கடற்கரை வழுக்கிக்கொண்டு இறங்குகிற மணலாக இருக்கிறது. காசிமேட்டுக்கு வடக்கே போனால் நீங்கள் பார்ப்பது கருங்கல். துறைமுகம் வந்த பிறகு தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டு, அந்தப் பக்கம் மெரினா அகலமானது, இந்தப் பக்கம் கடல் ஊரைத் தின்றது. அதைத் தடுக்கத்தான் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் சுவர்களான தூண்டில் வளைவு போட்டார்கள். ஆகவே கரையை வழித்தெடுத்து, செங்குத்தாக நிறுத்தி, கல் மெஷ்களை அடுக்குகிறேன். இரண்டு தூண்டில் வளைவுக்கு நடுவில் கொஞ்சம் மணலை விட்டு வையுங்கள், படகு ஏற்றி வைக்கிற இடம் அது. கடலுக்கு அடியில் தரவு எதுவும் கிடையாது, வெறும் பூஜ்யம். ஜெப்கோ என்ற உலகக் கடலடித் தரவில் ஆழம் கிடைக்கும். 450 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் என்றாலும் தொடங்குவதற்குப் போதும்.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமான இடம். இந்தத் தெருவில் கேமராவைத் தரை மட்டத்துக்கு இறக்குகிறேன். பழைய தண்டையார்பேட்டை வீடு. வாசலைப் பாருங்கள், சாலையிலிருந்து இரண்டு படி கீழே இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். கட்டியபோது அந்த வீடு தெருவை விட உயரமாகத்தான் இருந்திருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே மறுபடி மறுபடி ரோடு போட்டுப் போட்டு, தெரு ஏறிவிட்டது, வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்டியிருக்கிறார். அவர் வாசல் மூன்று படி மேலே. நடுவில், மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, பழைய வீட்டு நிலைவாசலில் ஒரு முழங்கால் உயரத்துக்குச் சிமென்ட் தடுப்பு. இந்த ஒரு சட்டகத்துக்குள் ஒரு மீட்டர் உயர வித்தியாசம் இருக்கிறது, எந்தச் செயற்கைக்கோளிலும் இல்லாத ஒரு மீட்டர். இதை நடந்துபோய், அளவு நாடா வைத்து, அங்கே இருக்கிற அக்காக்களிடம் கேட்டுத்தான் சேர்க்க முடியும். "போன வெள்ளத்துல எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கை இருக்கிற இடம் எனக்கு எந்தச் செயற்கைக்கோள் உயரத் தரவை விடவும் பெரிய தரவு.

மேடு பள்ளம் தெரியவில்லையே என்று உயரத்தை மூன்று மடங்கு, ஐந்து மடங்கு பெருக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெருக்கினால் தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் மாறாவிட்டாலும், நடக்கும்போது ஊர் அந்நியமாகிவிடும். விளையாடுகிறவரின் கண் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு படி இறக்கம் நன்றாகவே தெரியும்.

இன்னொன்று, தரவுக்கும் வருடம் உண்டு. எண்ணூர் பக்கம் மேப் செய்கிறவர்களுக்கு இது முக்கியம். எஸ்ஆர்டிஎம் பறந்தபோது எண்ணூர் துறைமுகம் திறக்கப்படவில்லை, காட்டுப்பள்ளித் துறைமுகம் இல்லவே இல்லை. உங்கள் கதை தொண்ணூறுகளில் நடக்கிறதென்றால் கோப்பர்நிகஸை எடுத்தால் கொசஸ்தலையாற்று முகத்துவாரம் கதைக்குப் பொருந்தாது. சொரசொரப்பைச் சகித்துக்கொண்டு எஸ்ஆர்டிஎம்முக்கே போங்கள்.

மேப் சரியா தப்பா என்று எப்படிப் பார்ப்பது? நான் செய்வது இதுதான். ஒரு நீர்ப் பரப்பைக் கடல் மட்டத்தில் வைத்து, பத்துப் பத்து சென்டிமீட்டராக ஏற்றுகிறேன். முதலில் கால்வாய் நிரம்புகிறது. அப்புறம் கால்வாயை ஒட்டிய தாழ்ந்த தெருக்கள். பிறகு அந்த இரண்டு படி கீழே இருக்கும் வீடு. நிஜத்தில் தேங்குகிற தண்ணீர் மேலிருந்து பெய்து வருவது, கடலிலிருந்து சமமாக ஏறுவதில்லை. அதனால் இது முழுச் சோதனை இல்லை. ஆனாலும் வரிசை தெரிந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முதலில் மூழ்கிய தெரு இங்கே கடைசியாக நனைகிறதென்றால் அந்த இடத்தில் என் தரை தப்பு, திரும்பப் போய் அளக்க வேண்டும். கொடுங்கையூர் பக்கம் இன்னும் எனக்கு அந்த வரிசை சரியாக வரவில்லை.

அதனால் கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, வியாசர்பாடியில் இருக்கிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் வாசல் தெருவிலிருந்து எத்தனை படி மேலே அல்லது கீழே, மிக்ஜாமில் தண்ணீர் எது வரை வந்தது, இரண்டை மட்டும் கமெண்டில் எழுதுங்கள். வீட்டு எண் வேண்டாம், தெருப் பெயர் போதும். கோப்பர்நிகஸ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இரண்டுக்கும் கேமின் கிரெடிட்டில் நன்றி போட வேண்டும், அது உரிமத்திலேயே இருக்கிறது. உங்கள் தெருப் பெயர்களையும் அதற்குக் கீழேயே போடுகிறேன். ஹைட்மேப் கோப்பின் லிங்க் கீழே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.