பாப்பாவுக்கு வந்த மொய்

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையலும் இல்லை, தோப்புச் சுற்றலும் இல்லை. கொல்லையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன், நடுவில் கோழி கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மூன்று மாதம் வீடியோ போடாமல் எங்கே போனாய் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு 28 வாரத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண். 940 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், காலில் ஒரு பட்டை, அதில் என் பெயரைப் போட்டு 'பேபி ஆஃப்' என்று எழுதியிருந்தது. நாலாம் நாள் விடியற்காலை போய்விட்டாள். எனக்குப் பால் கட்டியது அன்றைக்குத்தான்.

அப்பத்தா இரண்டு முழம் மல்லிகை வாங்கிவரச் சொல்லி மார்பில் வைத்துக் கட்டிவிட்டது, "வத்திரும் தாயி" என்று. அந்த வாசனை இப்போதும் எனக்கு ஆகாது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் கிடந்தபோதுதான் ஒன்று உறைத்தது. மூன்று நாளும் குழாய் வழியாக என் பிள்ளைக்குள் சொட்டுச் சொட்டாகப் போனது என் பால் இல்லை, தாய்ப்பால் வங்கியிலிருந்து வந்த பால். யாரோ ஒருத்தி கொடுத்தது. குறைமாதப் பிள்ளைக்குப் பவுடர் பால் கொடுத்தால் குடல் அழுகிப்போகிற நோய் வரும் ஆபத்து அதிகம், அதனால்தான் வங்கிப் பால். கொடுக்கிற தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வைத்து வைப்பார்களாம். காசு கிடையாது.

எங்கள் பேராவூரணிப் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு மொய் விருந்தும் தெரியும். ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவோம், வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. அப்படிப் பார்த்தால் அந்த அம்மா என் பிள்ளைக்கு மொய் வைத்திருக்கிறாள், இல்லையா? மல்லிகையை அவிழ்த்துப் போட்டேன். பால் குறையும்வரை 19 நாள் போய்க் கொடுத்தேன். அப்பத்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அப்புறம் இந்த ஆடி. பாப்பாவுக்கு ஒரு வயது ஆகியிருக்கும். மொய் விருந்து வைத்து அந்த வார்டுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்றேன். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பச்சைப் பிள்ளைக்குக் காரியமே கிடையாது, புதைத்த இடத்துக்கு என்னைக்கூட விடவில்லை, அதற்கு விருந்தா என்றார்கள். நியாயமான கேள்விதான், எனக்கும் பதில் தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் "கறி வேண்டாம், சாம்பார் சோறு போடுவோம்" என்று முடித்துவைத்தார்.

இது திரும்பி வராத மொய், கணக்கு இல்லை, உண்டியலில் போடுங்கள் என்று மைக்கில் சொன்னோம். ஒருத்தரும் போடவில்லை! நோட்டு இல்லாமல் என்ன மொய் என்று அப்படியே நிற்கிறார்கள். சரி என்று கடைக்கு ஓடி ஒரு நோட்டு வாங்கி வந்து உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தெருக் கிழவி ஒருத்தர் வந்து, முந்தியில் முடிந்திருந்த ஐம்பது ரூபாயை எடுத்து வைத்தார். பெயர் கேட்டேன். "என் பேரு வேணாம். மூத்தவன்னு எழுது. அஞ்சு நாள் இருந்தான்" என்றார். நாற்பது வருடத்துக்கு முந்தைய பிள்ளை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதிலும் அது விழுந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த பெண்கள் சிலரும் அப்படியே எழுதச் சொன்னார்கள்.

மொத்தம் 1,83,400 ரூபாய். ஆஸ்பத்திரியில் பணமாக வாங்க மாட்டோம் என்றதால், பால் எடுக்கிற கரண்டு பம்பும், சாய்ந்துகொள்கிற நாற்காலிகளும் வாங்கினோம். நாற்காலி ஏன் என்றால், கங்காரு முறை என்று பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், 1978-ல் கொலம்பியா நாட்டு பொகோட்டாவில் இன்க்யூபேட்டர் பற்றாமல் தொடங்கியதாம். எனக்கு ஒரே ஒரு மணி நேரம் கிடைத்தது. அதையும் பிளாஸ்டிக் ஸ்டூலில், தையல் வலியோடு, எப்போது எழுந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டே கழித்தேன்.

இதோ அந்த நோட்டு. தெரிகிறதா? வெயில் படுகிறது, இருங்கள், திருப்புகிறேன். மூத்தவன், 50. நடுவுலது, 200. இரட்டையில் ஒண்ணு, 500. இது 'பேரு வைக்கல', 101.