குப்பைப் பையும் பக்கத்து வீட்டுப் பாட்டியும்

நடுவர் அவர்களே, இரு அணியினரே, பொங்கல் சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் டோக்கியோ நிஷிகசாய் சொந்தங்களே, வணக்கம். ஜப்பானில் வாழ வாழ இந்தச் சமூகத்தின் மேல் மதிப்பு கூடுகிறதா, குறைகிறதா என்பது கேள்வி. கூடுகிறது என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தம்பி ஒரு வார்த்தை சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "இந்த ஊரில் குப்பையைப் பார்க்கிற கண், மனுஷனைப் பார்க்காது." எழுதி வந்த மற்றதையெல்லாம் மடித்து வைத்துவிட்டேன். இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நம்மூரில் இருப்பவர்களுக்கு ஜப்பான் என்றால் ரயில். 2017-இல் சுகுபா எக்ஸ்பிரஸ் 20 வினாடி முன்னதாகக் கிளம்பியதற்கு மன்னிப்புக் கேட்டார்களே, என் மாமா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி வியக்கிறார். சரி, அது தூரத்துப் பார்வை. இங்கே குடிவந்தவனுக்கு ஜப்பான் குப்பையில்தான் தொடங்குகிறது.

2009. வந்த முதல் வாரம். காய்த்தோல், மிச்சச் சோறு, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாவற்றையும் பிரிக்காமல் ஒரே பையில் கட்டி, காக்கை கிளறாமல் குப்பை மேல் போர்த்தும் வலைக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ராத்திரி வந்து பார்த்தால் பை என் வாசலில்! உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றவில்லை, அழைப்பு மணி. பக்கத்து வீட்டுப் பாட்டி, கையில் இரண்டு காலி பாட்டிலோடு. ஒன்றின் மூடியைத் திருகி எடுத்தார். லேபிளை உரித்தார். கழுவுவது போலக் குலுக்கிக் காட்டினார். கீழே போட்டு ஒரே மிதி. இன்னொன்றை என்னிடம் நீட்டினார். நானும் செய்தேன். மூடி, லேபிள், குலுக்கு, மிதி. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நடுவர் அவர்களே, அன்று எனக்கு வந்த கோபம்! "இவர்களுக்குக் குப்பைதான் பெரிது, நாம் இல்லை" என்றேன் மனைவியிடம். தம்பி இன்று சொன்ன அதே வார்த்தை. நீங்கள் வந்து இரண்டு வருடம் ஆகிறதா தம்பி? எனக்கும் இரண்டாம் வருடம் வரை அந்தக் கோபம் இருந்தது.

2011 மார்ச் 11, மதியம் 2.46. பூமி ஆடியபோது நான் டோக்கியோவின் இன்னொரு பக்கம், ஷிஞ்ஜுகுவில். ரயில் இல்லை, போன் கிடைக்கவில்லை. வீட்டில் மனைவி தனியாக, ஏழு மாதக் கர்ப்பிணி, மொழி தெரியாது. ஊரே நடந்தது, நானும் நடந்தேன். இரவு பத்து மணிக்குக் கதவைத் திறந்தால், குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறது. கட்டில் பக்கத்திலேயே செருப்பு, ஹெல்மெட், ரேடியோ. பாட்டி என் மனைவியின் முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருக்கிறார். "தைஜோபு, தைஜோபு." ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது.

2024-இல் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்து கிடந்தவர்கள் 76,020 பேர் என்று தம்பி காவல்துறைக் கணக்கைச் சொன்னார். உண்மை. மறுக்க மாட்டேன், எனக்கும் நெஞ்சை அடைக்கிறது. அதே 2024-இல் எங்கள் மாடியில் நடந்ததையும் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை, எரியும் குப்பை நாள். எட்டு மணிக்குள் பாட்டியின் பை வலைக்கு அடியில் இருக்கும். பதினைந்து வருடத்தில் தவறியதில்லை. அன்று அந்த இடம் காலி. பள்ளிக்குக் கிளம்பிய என் மகள், அந்த நிலநடுக்கத்தின்போது வயிற்றில் இருந்தாளே அவள்தான், படியேறி ஓடிவந்தாள். "அப்பா, பாட்டி பை வைக்கலை!" மணி அடித்தோம், கதவைத் தட்டினோம், ஆம்புலன்ஸுக்கு, 119-க்குச் சொன்னோம். குளியலறையில் விழுந்து கிடந்தார். உயிர் இருந்தது.

குப்பையைப் பார்த்த கண்தான் தம்பி, அந்த மனுஷியையும் பார்த்தது.

இப்போது பாட்டி முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன ஞாயிறு போயிருந்தோம். ஞாபகம் மங்கிவிட்டது, எங்கள் யார் பெயரும் வரவில்லை. மகள் தேநீர் குடித்து முடித்த பாட்டிலை மேசையில் வைத்தாள். பாட்டி அதை மெல்ல இழுத்து மூடியைத் திருகினார். லேபிளை உரிக்க விரல் வரவில்லை. மகள் உரித்தாள். பாட்டி அவள் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வணக்கம்.