ஜாக்கி ஜோடி கையில் வந்தால்

அனைவருக்கும் வணக்கம். போன மாதம் நிகழ்தகவு பற்றிப் பேசி முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, "ஐயா, போக்கர்ல ஜாக்கி ஜோடி வந்தா சந்தோஷப்படணுமா, பயப்படணுமா?" என்று கேட்டார். நேரமாகிவிட்டதால் பதில் சொல்லாமல் போய்விட்டேன். இன்றைய பேச்சு முழுக்க அவருக்கான பதில்தான்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. யாரையும் பணம் வைத்து ஆடச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. சம்பளத்தை இதில் தொலைத்த வீடுகளை உங்களில் சிலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் புளியங்கொட்டைதான் காசு. கணக்குப் படிக்க அது போதும்.

போக்கரில் ஒரு வகையான டெக்சஸ் ஹோல்டெம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் கண்ணில் படாமல். நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று சேர்ந்து வரும், அது ஃப்ளாப். அடுத்து ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். கையில் உள்ள இரண்டும் பொதுவான ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்தை அமைப்பவருக்கே நடுவில் சேர்ந்த காசு. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், வேண்டாமென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்.

சரி, உங்கள் கையில் இரண்டு ஜாக்கி. 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் இந்த ஜோடி கிடைக்கும். இதற்கு மேல் இருப்பவை ராணி, ராஜா, ஏஸ் என்று மூன்றே ஜோடிகள். எதிரே ஒரே ஆள், அவர் கையில் ஏதோ இரண்டு சீட்டு என்றால், கடைசிவரை போனால் 100-க்கு 77 தடவை நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். அதே ஜாக்கியோடு நான்கு பேரை எதிர்கொண்டால் அது கிட்டத்தட்ட 40-க்கு இறங்கிவிடும். ஏஸ் ஜோடிக்கும் இந்தச் சரிவு உண்டு. ஒருவர் எதிரே என்றால் 85, நால்வர் என்றால் சுமார் 56. ஆக, கையில் உள்ள சீட்டு மாறவே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கைதான் அதன் மதிப்பை மாற்றுகிறது.

ஜாக்கி ஜோடியை வைத்துக்கொண்டு சும்மா பெரிய பிளைண்டுக்கு, அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகைக்குச் சமமாகப் போட்டுவிட்டு உள்ளே போகக் கூடாது என்பது இதனால்தான். பெரிய பிளைண்டைப் போல இரண்டரை, மூன்று மடங்கு ஏற்றுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது வெறுமனே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மடங்கு கூட்டுங்கள். பலமான சீட்டை மறைத்து வைத்து ஆளைச் சேர்க்க வேண்டும் என்று புதிதாக ஆடுபவர்களுக்குத் தோன்றும். நானும் பல வருஷம் அப்படித்தான் ஆடினேன். ஐந்து பேரைச் சேர்த்து வைத்து, ஃப்ளாப்பில் ஒரு ராஜா விழுந்ததும் யார் கையில் ராஜா என்று தெரியாமல் முழித்த நாட்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

அந்த ராஜா விழுவது அபூர்வமா? கணக்குப் போடுவோம். உங்கள் இரண்டு போக மீதி 50 சீட்டு. அதில் ராணி, ராஜா, ஏஸ் மொத்தம் 12. மற்றவை 38. ஃப்ளாப்பின் மூன்று சீட்டும் அந்த 38-லிருந்தே வர, 50-க்கு 38, 49-க்கு 37, 48-க்கு 36 என்று பெருக்கினால் 43 சதவீதம். அதாவது 57 சதவீதம் நேரம் ஜாக்கியைவிடப் பெரிய படம் ஒன்றாவது நடுவே வந்து உட்காரும். ராணி ஜோடிக்கு இது 41. ராஜா ஜோடிக்கு 23 கூட இல்லை. ஒரு படி இறங்கும்போது எவ்வளவு மாறுகிறது பாருங்கள். அந்தத் தம்பியின் பயத்துக்கு நியாயம் இருக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நீங்கள் ஏற்றினீர்கள், எதிரே இருப்பவர் அதற்கும் மேல் ஏற்றுகிறார். அவர் நிதானமானவர், ராணி, ராஜா, ஏஸ் ஜோடிகளுக்கும் ஏஸ்-ராஜாவுக்கும் மட்டுமே இப்படிச் செய்வார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஜோடி ஒவ்வொன்றும் 6 விதமாக அமையும், ஆகவே 18. ஏஸ்-ராஜா 16 விதம். மொத்தம் 34. பெரிய ஜோடிகளிடம் நீங்கள் 100-க்கு 18, 19 தான் ஜெயிப்பீர்கள். ஏஸ்-ராஜாவிடம் 56. சேர்த்துப் பார்த்தால் 36.

அதே இடத்தில் கொஞ்சம் துணிச்சலான ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏஸ்-ராணிக்கும் ஏற்றுவார், பத்து ஜோடிக்கும் ஒன்பது ஜோடிக்கும் ஏற்றுவார். இப்போது 34 விதம் 62 ஆகிறது. உங்கள் பங்கு 50-க்கு ஏறிவிடுகிறது. அதே ஜாக்கி, அதே தொகை. முதல் ஆளிடம் கவிழ்ப்பதுதான் பெரும்பாலும் சரி, இரண்டாவது ஆளிடம் கவிழ்த்தால் நஷ்டம். ஆகவே மேசையில் உட்கார்ந்ததும் சீட்டைப் பார்ப்பதைவிட மனிதர்களைப் பாருங்கள். யார் எத்தனை முறை ஏற்றுகிறார் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள்.

ஃப்ளாப்பில் பெரிய படம் வரவில்லை என்றாலும் ஆபத்து போய்விடாது. நடுவே ஒன்பது, எட்டு, மூன்று. அதில் இரண்டு இஸ்பேடு. எதிராளியிடம் இரண்டு இஸ்பேடு இருந்தால், ஜோடியை வெல்லும் ஐந்து இஸ்பேடு சேர அவருக்கு இன்னும் ஒன்றே வேண்டும். அடுத்த சீட்டிலேயே அது வர 47-க்கு 9, சுமார் 19 சதவீதம். நடுவில் 100 புளியங்கொட்டை இருக்கும்போது நீங்கள் 10 கட்டினால், அவர் 10 போட்டு 110-ஐக் குறிவைக்கிறார். 8 சதவீத வாய்ப்பிருந்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். நீங்கள் 50 கட்டினால் அவருக்கு 25 சதவீதம் தேவை, இருப்பதோ 19. பின்னால் ஜெயித்து ஈடுகட்டலாம் என்ற கணக்கு அவருக்கு உண்டுதான். ஆனாலும் இந்தச் சீட்டுக்குச் சரியான விலையை அவரிடம் கேட்டுவிட்டீர்கள். அப்புறம் வருவது வரட்டும்.

சரியாக ஆடியும் தோற்பதற்கு ஓர் உதாரணம். 2003-இல் லாஸ் வேகாஸில், பினியன்ஸ் ஹார்ஸ்ஷூவில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. 839 பேர் ஆடி, பத்துப் பேர் மிச்சம். பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஃபில் ஐவியிடம் ஒன்பது ஜோடி. கிறிஸ் மனிமேக்கரிடம் ஏஸ்-ராணி. ஃப்ளாப்பில் ராணி, ராணி, ஆறு. டர்னில் ஒன்பது விழுந்ததும் மூன்று ஒன்பது, இரண்டு ராணி என்று ஐவியின் கை மனிமேக்கரின் மூன்று ராணிக்கு மேலே போய்விட்டது, பணம் முழுவதும் நடுவே போனது. மனிமேக்கரைக் காப்பாற்றக் கூடியவை ஒரு ராணி, மூன்று ஏஸ், மூன்று ஆறு. 44-க்கு 7, அதாவது 16 சதவீதம். ரிவரில் ஏஸ் வந்தது. ஐவி பத்தாவதாக வெளியேறினார். டென்னசியைச் சேர்ந்த கணக்காளரான மனிமேக்கர் 25 லட்சம் டாலரோடு வீடு திரும்பினார். டர்னில் 84 சதவீதம் முன்னிலையில் இருந்து பணத்தைப் போட்ட ஐவியிடம் நான் ஒரு குறையும் காணவில்லை.

தம்பி, வந்திருக்கிறீர்களா? உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, இரண்டு ஜாக்கியைத் தனியே வையுங்கள். மீதி 50-ஐ நன்றாகக் குலுக்கி மூன்றைத் திருப்புங்கள். ராணியோ ராஜாவோ ஏஸோ இருந்தால் ஒரு கோடு போடுங்கள். 100 முறை செய்து, எத்தனை கோடு என்று அடுத்த மாதம் கொண்டுவாருங்கள். 57-க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று இங்கேயே எல்லோருமாகப் பார்ப்போம்.