மறுபடியும் தொடங்குகிறவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் முதல் தடவையாக எடை குறைக்க நினைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பீர்கள். பலரும் ஏற்கெனவே ஒரு தடவை குறைத்து, அது திரும்ப ஏறியதைப் பார்த்தவர்கள். இறுகிப்போன சட்டையை அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிட்டு, 'நமக்கு மனக்கட்டுப்பாடு போதாது' என்று தங்களையே திட்டிக்கொண்டவர்கள். உங்களிடம் பேசத்தான் வந்திருக்கிறேன். அந்தத் திட்டை நீங்கள் வாங்கியிருக்கவே வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1994-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹார்மோனின் மரபணுவைக் கண்டறிந்தது. நம் கொழுப்புத் திசுவே சுரக்கும் ஹார்மோன் இது. கையிருப்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் சொல்வது இதன் வேலை. எடை குறைந்தால் லெப்டினும் குறையும். உடனே மூளை பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பசியைக் கூட்டி, உடம்பின் செலவைச் சுருக்குகிறது. 2011-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 50 பேர் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் இருந்து எடை குறைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பசியை ஆளும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதாவது, இரவு பத்து மணிக்கு உங்களைச் சமையலறைக்கு இழுத்துப்போனதில் உங்கள் உடம்பின் தற்காப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இது தெரியாமல் மறுபடி தொடங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? 'போன முறை ஏமாந்துவிட்டேன், இந்த முறை இன்னும் கடுமையாக இருக்கப் போகிறேன்' என்று சபதம் எடுக்கிறார்கள். கடுமை கூடக் கூட உடம்பின் எதிர்ப்பும் கூடும். என்னைக் கேட்டால், இரண்டாம் முறை தொடங்குகிறவர் முதல் முறையைவிடச் சின்னதாகத் தொடங்க வேண்டும். வேலை குவிந்து, தூக்கம் கெட்டு, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத நாளிலும் உங்களால் செய்ய முடிகிற அளவுக்குச் சின்னதாக.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அன்றாடம் நடக்கும் ஏதோ ஒன்றோடு அதைக் கோத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இப்படி. அது யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக மாறுவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது கெடவில்லை. ஒரு நாள் தவறிவிட்டால் 'சரி, எல்லாம் போச்சு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறோமே, அந்த விடுதல்தான் நம்மை நிஜமாகக் கவிழ்க்கிறது. புதன்கிழமை தவறினால் வியாழக்கிழமை தொடருங்கள்.

சரி, எந்தப் பழக்கத்தில் கைவைப்பது? உங்கள் ஒரு நாளில் எந்த இடத்தில் சறுக்குகிறீர்கள் என்று பாருங்கள். பலருக்கு அது வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிற நேரம். பை தோளில் இருக்கும், கை கழுவியிருக்க மாட்டோம், நின்றபடியே ஒரு பொட்டலத்தைப் பிரித்திருப்போம். உட்கார்ந்து சாப்பிடுவதற்குள் பாதி பொட்டலம் காலியாகியிருக்கும், அதைச் சாப்பிட்டதாகவே மனசு கணக்கு வைக்காது. இந்த இடத்தில் மன உறுதியைக் கேட்பது நியாயமில்லை. நாள் முழுக்கச் செலவழித்து மிச்சமிருக்கிற களைப்புதான் அப்போது நம்மிடம் இருக்கிறது. இதற்கான திருத்தத்தை மதியமே செய்ய வேண்டும். மதியச் சாப்பாட்டில் புரதமும் காய்கறியும் போதுமான அளவு இருக்கட்டும். சாயங்காலம் கிளம்புவதற்கு முன்பே ஒரு பழமோ கொஞ்சம் கொட்டைகளோ சாப்பிட்டுவிடுங்கள். அந்தப் பொட்டலம் வீட்டுக்கு வராமலே இருந்தால் இன்னும் நல்லது.

பொட்டலத்தை நான் குறிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹாலின் குழு 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்தது. இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். அதே ஆட்கள்தான், அதே மனக்கட்டுப்பாடுதான். உணவு மட்டும் மாறியது.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பையும் கொழுப்பையும் மனசு தேடும். படுக்கிற நேரத்தை அரை மணி முன்னால் தள்ளுவதையும் எடை குறைப்பு முயற்சியாகவே எண்ணுங்கள்.

அப்புறம் நடை. உடற்பயிற்சியால் மட்டும் பெரிய அளவில் எடை குறையாது. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் குறைந்த எடையைத் தக்கவைப்பதில் அதற்குப் பெரிய இடம் உண்டு. அமெரிக்காவில் 1994-லிருந்து, 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் உள்ளவர்களில் பெரும்பாலோர் தினமும் உடம்பை நன்றாக இயக்குகிறவர்கள், நடைதான் அவர்கள் அதிகம் சொல்லும் பயிற்சி. நீங்கள் சாப்பிட்டபின் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். சாப்பிட்டதும் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும்.

எடைமேடையில் ஏறுவதாக இருந்தால் வாரக் கணக்கில் பாருங்கள். உடம்பு அவசரத் தேவைக்குச் சேமித்துவைக்கும் சர்க்கரைக்குக் கிளைகோஜன் என்று பெயர். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் வெளியேறும். முதல் வாரம் மளமளவென்று இறங்குவதில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர். ஒரு விருந்துக்கு மறுநாள் ஏறுவதிலும் தண்ணீர்தான் அதிகம். அந்த எண்ணைப் பார்ப்பதே உங்களை அலைக்கழிக்கிறது என்றால் எடைமேடையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

முன்வரிசையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. 'எவ்வளவு குறைத்தால் பலன் உண்டு?' என்று கேட்டிருக்கிறார்கள். 2002-ல் வெளியான நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவைச் சொல்கிறேன். நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு வைத்த இலக்கு, எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடம்பை இயக்குவதும். அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 90 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்பது ஆறு கிலோ சொச்சம். இருபது வயதில் போட்ட சட்டை இன்னும் நுழையாதுதான். ஆனால் ரத்தத்தில் மாற்றம் தெரியும்.

சீட்டின் பின்பக்கம் இன்னொரு வரி: 'எல்லாம் செய்தும் எடை ஏறிக்கொண்டே போகிறது.' இதை எழுதியவர் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடாக இருக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்கான சில மருந்துகள் ஆகியவையும் எடையை ஏற்றும். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடும் மருந்துகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய், இவற்றில் எடையை ஏற்றுவது எது, அதற்கு மாற்று உண்டா என்று நேராகவே கேளுங்கள்.