ஒவ்வொரு குரலாகக் கேட்போம்

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை, அதாவது வாத்தியாருக்கு உதவும் மூத்த மாணவர், முதலில் சொல்வார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முறை வைப்பது என்று அதற்குப் பெயர். மணல் போய் சிலேட்டு வந்தது, சிலேட்டு போய் நோட்டு வந்தது. சேர்ந்து கத்தும் பழக்கம் மட்டும் போகவில்லை. அதில் நன்மையும் உண்டு, செய்யுள் நாவில் பதியும். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை அந்தக் கூட்டுக் குரலுக்குள் வருஷக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும். பாடத்தை முழுக்க ஒப்பிக்கும். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டால் விழிக்கும்.

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005இல் தொடங்கிய அசர் (ASER) என்ற கல்வி நிலை ஆய்வில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்கச் சொன்னார்கள். கையில் ஒரே ஒரு தாள்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை. நாடு முழுவதும் கிராமங்களில் ஐந்தாம் வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புக் கதையே வரவில்லை என்பது இப்படிக் கேட்டதால்தான் தெரிந்தது.

நம் மாநிலத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன; பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வோர் அட்டையாகச் செய்து படிக்கும் முறை அது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் வாசிப்பைப் பார்ப்பது பெரிய மாற்றம். மனதார வரவேற்கிறேன்.

ஆனால் நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? காது கொடுத்துத்தான். 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ நடுவில் இருக்கும் 'க'வில் தொடங்குகிறது. ஒரு பிள்ளை 'கொடி'யை 'கெடி' என்று வாசித்தால், அது காலைக் கவனிக்கவில்லை என்று புரியும். இன்னொரு பிள்ளை 'காடி' என்றால், கொம்பை விட்டுவிட்டது. இரண்டு பேருக்கும் தேவையான பயிற்சி வேறு வேறு. முப்பது பேர் சேர்ந்து சொல்லும்போது இது எந்த ஆசிரியர் காதிலும் விழாது.

எழுத்து கூட்டத் தெரிந்ததும், அப்புறம் பாடப்புத்தகம் மட்டும் போதாது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகக் கதைப் புத்தகங்கள் கொடுத்திருக்கிறது. தயவுசெய்து அவற்றை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். கிழிந்தால் கிழியட்டும்.

முப்பது பேர் உள்ள வகுப்பில் திங்கள் முதல் ஒரு நாளைக்கு ஆறு பேர், ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று கேட்டால், வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரையும் கேட்டுவிடலாம். தலைமை ஆசிரியர்கள் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைக் கால அட்டவணையிலேயே எழுதிக் கொடுங்கள்.