கரண்டு வைத்த கழுத்து

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கரண்டு வைத்துப் பிழைத்து வந்தவர்கள். கதிர்வீச்சு சிகிச்சை என்று ஃபைலில் எழுதுவோம். வார்டில் அதற்குப் பேர் கரண்டுதான். நானும் அப்படியே சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு டெய்லர் வந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டைப் புற்றுக்குக் கரண்டு வைத்தவர். தாடைக்குக் கீழே தாடியே முளைக்கவில்லை. தொட்டால் பெல்ட் மாதிரி இறுக்கம். ஊசியில் நூல் கோர்க்கும்போது வலது கண்ணில் கடை ஷட்டரை இறக்கினாற்போல் இருட்டு இறங்கியதாம். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. புரை என்று நினைத்துக் கண் டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் கெட்டிக்காரர், கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஒலி அலையை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன் அது. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் வலது கரோட்டிட் தமனியில் 80 சதவீத அடைப்பு. வலது தமனி அடைத்தால் மங்குவது வலது கண், மரத்துப்போவது இடது கை. இதை ஞாபகம் வையுங்கள்.

வாய், தொண்டைப் புற்றுக்கு 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சின் அளவு) வரை, ஆறேழு வாரத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். கழுத்து நெறிகட்டிகளுக்கும் கதிர் போயாக வேண்டும். அந்தக் கரோட்டிட் தமனி அவற்றை ஒட்டித்தான் ஓடுகிறது. அதன் உள்சுவர் புண்படும். சுவருக்கே ரத்தம் ஊட்டும் நுண்குழாய்கள் அடைபடும். வருஷக்கணக்கில் தடித்துக் கொழுப்பு படியும். சாதாரண அடைப்பு தமனி பிரியும் கவட்டில் வரும். இதுவோ கதிர் பட்ட இடமெல்லாம் நீளமாகப் படரும்.

கழுத்தைத் திறந்து அடைப்பைச் சுரண்டியெடுக்கும் ஆபரேஷன் 1950களிலிருந்தே இருக்கிறது. நல்ல ஆபரேஷன்தான். ஆனால் இப்படிப்பட்ட கழுத்தில் கத்தி வைக்க எனக்குத் தயக்கம். தசை, நரம்பு, குழாய் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். நாக்கை அசைக்கும் நரம்பு அடிபடலாம், தையல் ஆறாமல் போகலாம். மூச்சு விடத் தொண்டையில் ஓட்டை போட்டவருக்குச் சீழ் பிடிக்கும் பயம் வேறு.

அதனால் பெரும்பாலும் ஸ்டென்ட், அதாவது தமனியை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் கம்பிவலைக் குழாய். தொடை வழியாகக் கம்பியை ஏற்றி, அடைப்புக்கு மேலே குட்டி வடிகட்டி ஒன்றை விரிப்போம். பலூனை ஊதும்போது நாடி சடாரென்று இறங்கும். டெய்லருக்கு 40க்கு வந்தது. நாடியை ஏற்றும் அட்ரோபின் ஊசி தயாராக இருந்தது. வடிகட்டியை வெளியே எடுத்தால், உள்ளே கடுகைவிடச் சின்னதாக நாலைந்து மஞ்சள் துணுக்குகள். மூளைக்குப் போயிருக்க வேண்டியவை.

அடைப்பு உள்ள எல்லோருக்கும் ஸ்டென்ட் வேண்டியதில்லை. அறிகுறி இல்லாத பாதி அடைப்புக்கு ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, பிரஷர் கட்டுப்பாடு. புகையிலையை விட்டாக வேண்டும். ஸ்டென்ட் வைத்த பிறகும், கரண்டு வைத்தவர்களுக்கு மறுபடி அடைக்கும் வாய்ப்பு அதிகம். டாப்ளரை விடக்கூடாது.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. ஐந்து வருஷம் தாண்டியதும் புற்று போய்விட்டது என்று கைகுலுக்கி அனுப்பிவிடுகிறோம். இந்தத் தொல்லை தலைகாட்டுவதே பெரும்பாலும் அதற்கப்புறம்தான்.

பக்கத்து அறையில் டாப்ளர் மெஷின் வைத்திருக்கிறோம். ஊசி கிடையாது, வலி கிடையாது. கரண்டு வைத்து ஐந்து வருஷம் ஆனவர்கள் முதலில் வாருங்கள். சட்டையில் மேல் பட்டனைக் கழற்றினால் போதும்.