வாய்க்காயம் ஏன் சீக்கிரம் ஆறுகிறது? – ஒரு தாயின் சந்தேகம்

அடுத்த கேள்வியை ஒரு தாய் அனுப்பியிருக்கிறார். மகன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முழங்காலில் சிராய்ப்பு. பல் பட்டு உதட்டின் உள்பக்கமும் கிழிந்திருக்கிறது. உதடு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது, முழங்காலில் இன்னும் பொருக்கு உதிரவில்லை, இரண்டும் ஒரே உடம்புதானே என்கிறார். நடுவில் உதட்டுப் புண்ணின் மேல் வெள்ளையாகப் படர்ந்ததைச் சீழ் என்று நினைத்துத் துடைத்து எடுத்தாராம். அது சரியா என்றும் கேட்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் இதைத்தான் செய்கிறார்கள். அது சீழ் இல்லை அம்மா. முழங்காலில் பொருக்காக இறுகியதே, அதில் இருக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைதான் இதுவும். வெளியே அது இரத்தத்தோடு சேர்ந்து காய்ந்து கறுத்துவிடும். வாய்க்குள் காய வழியேது? ஊறிப்போய் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ நிற்கும். பல் பிடுங்கிய இடத்திலும் இதைப் பார்க்கலாம். சுரண்டாதீர்கள். வலி நாளுக்கு நாள் கூடி, வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் அப்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த ஈரம்தான் வேகத்துக்கு ஒரு பெரிய காரணம். காயத்தின் ஓரத்திலிருந்து புதுச் செல்கள் நகர்ந்து வந்துதான் பள்ளத்தை மூட வேண்டும். பொருக்கு கட்டிய காயத்தில் அவை காய்ந்த பகுதிக்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரமான பரப்பில் நேராக நகரலாம். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் இதைச் சோதித்தார். பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காத்த காயங்கள், காற்றாட விட்ட காயங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடிக்கொண்டன. ஆகவே 'காற்றாட விடு, காயட்டும்' என்று பாட்டி சொன்னதை நான் ஆதரிக்க மாட்டேன். முழங்காலைக் கழுவி, வாஸ்லின் தடவி, சுத்தமான கட்டுப் போடுங்கள்.

பிறகு எச்சில். அதிலுள்ள ஹிஸ்டாட்டின் என்ற சிறு புரதங்கள் கிருமிகளை அடக்குவதோடு செல்களை நகரவும் தூண்டுகின்றன. செல் வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு புரதத்தை ஸ்டான்லி கோஹன் கண்டெடுத்ததே சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில்தான். 1986இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அப்படியானால் முழங்காலில் எச்சில் தடவலாமே என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள்! வாய் பழகிப்போன கிருமிகள் கிழிந்த தோலுக்குள் புகுந்தால் தொந்தரவு.

ஆனால் எச்சிலுக்கே எல்லாப் புகழையும் கொடுப்பது தவறு. வாயின் செல்களே வேறு மாதிரியானவை. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 30 தன்னார்வலர்களுக்கு வாய்க்குள்ளும் தோலிலும் சிறு காயம் ஏற்படுத்தி ஒப்பிட்டார்கள். காயம் படுவதற்கு முன்பே, ஆற்றும் வேலைக்கான மரபணுக்கள் வாய்ச் செல்களில் இயங்கிக்கொண்டிருந்தன. உலை கொதித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு விருந்தாளி வந்தது போல. தோல் அதன் பிறகுதான் அடுப்பே பற்றவைக்கிறது. சாக்ஸ்2, பிட்எக்ஸ்1 என்ற புரதங்கள் இதை நடத்துகின்றன. எலியின் தோலில் சாக்ஸ்2வைக் கூட்டியபோது அங்கும் காயம் வேகமாக ஆறியது.

தழும்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோலில் காயம் பட்டால் வெள்ளையணுக்கள் பெருங்கூட்டமாக வந்து நெடுநாள் தங்குகின்றன. அந்த அழற்சி நீள நீள, கொலாஜன் நார் தாறுமாறாகக் குவிகிறது. அதுதான் தழும்பு. வாயில் அழற்சி சிறிதாக வந்து சீக்கிரம் அடங்குகிறது. அதற்காக வாயில் தழும்பே வராது என்று சொல்ல முடியாது. அண்ணப்பிளவு அறுவைக்குப் பின் மேலண்ணத்தில் வரும். பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் நார் படிந்து இறுகி, வாயைத் திறப்பதே கடினமாகிவிடும். அந்த நோய் புற்றுநோயாகவும் மாறக்கூடும்.

இவ்வளவு வேகமாக ஆறுகிற இடம் என்பதால்தான், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணை நாங்கள் சாதாரணமாக விடுவதில்லை. கூரான பல் உரசுகிறதா, பொருந்தாத பல்செட் அழுத்துகிறதா என்று பார்ப்போம். காரணத்தை நீக்கியும் ஆறாவிட்டால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். வலிக்கவில்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். புற்றுப்புண் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.